சிங்கப்பூர்ல நல்ல ஆட்டுக்கறி எங்க வாங்குறது, கடைக்காரர்கிட்ட என்னன்னு கேக்குறது?

செங்காங்ல புதுசா குடிவந்திருக்கிற திருச்சி தங்கச்சி ஒருத்தவங்க கேட்டிருக்காங்க: சூப்பர்மார்க்கெட்ல பாக்கெட் மட்டன் வாங்கி குழம்பு வச்சா ஒரே வாடை, வீட்டுக்காரர் தட்டை நகத்தி வச்சிடுறாரு, எல்லாரும் லிட்டில் இந்தியாவுல இருக்கிற தேக்கா மார்க்கெட்டுக்குப் போங்கிறாங்க, அங்க போனா வரிசையா கறிக்கடை, யாருகிட்ட என்னன்னு கேட்டு வாங்குறதுன்னு புரியல, நல்ல கடை பேரு ஒண்ணு சொல்லுங்க, மளிகையும் அங்கதான் வாங்கணுமா இல்ல எங்க அடுக்குமாடி ப்ளாக்குக்குக் கீழ இருக்கிற கடையே போதுமா.

கடை பேரு சொல்ல மாட்டேன்மா. ஒளிச்சு வைக்கிறேன்னு நினைக்காதீங்க, பேரு தெரிஞ்சு பெருசா பிரயோஜனம் இல்ல. ஒரே கடையில காலையில வெட்டுறவர் வேற, மத்தியானம் நிக்கிறவர் வேற, முதலாளி இருக்கிற அன்னிக்கு ஒரு மாதிரி இல்லாத அன்னிக்கு ஒரு மாதிரி. நான் சின்ன அளவுல கேட்டரிங் பண்றேன், வாரா வாரம் கறி வாங்குற ஆளு, எனக்குத் தெரிஞ்சு இங்க கறி சரியா அமையணும்னா ரெண்டு விஷயம்தான். அங்க தொங்குறது என்ன ஆடுன்னு உங்களுக்குத் தெரியணும், கிலோவைச் சொல்றதுக்கு முன்னாடி என்ன சமைக்கப்போறீங்கன்னு கடைக்காரருக்குத் தெரியணும்.

முதல்ல ஆடு. ஊர்ல ஞாயித்துக்கிழமை விடியக்காலையில கடை வாசல்ல வெள்ளாடு கட்டியிருக்கும், அறுத்து உரிச்சுத் தொங்கவிட்ட கொஞ்ச நேரத்துல நம்ம சட்டியில கொதிக்கும். இங்க அந்தக் கதையே கிடையாது. தேக்காவுல கொக்கியில தொங்குற கறி பெரும்பாலும் ஆஸ்திரேலியாவுல அறுத்து, குளிரூட்டி, ப்ளேன்ல வந்து இறங்குனது. அதுவும் செம்மறி. வெள்ளாட்டுக்கறி சாப்பிட்டுப் பழகுன நாக்குக்கு செம்மறி வாடை முதல் வாய்லயே தெரிஞ்சிடும், உங்க வீட்டுக்காரர் மேல தப்பே இல்ல. கறி கெட்டுப்போச்சுன்னு நினைச்சு தூக்கிப் போட்டவங்களையெல்லாம் பாத்திருக்கேன், கெட்டதெல்லாம் இல்ல, அது அந்த ஆட்டோட குணம்.

அந்த வாடை எங்க இருக்குன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. சதையில ரொம்ப இல்ல, கொழுப்புலதான் இருக்கு. செம்மறிக் கொழுப்புல மெத்தில் ஆக்டனோயிக் ஆசிட்னு ஒரு சமாச்சாரம் இருக்கு, ஆட்டுக்கு வயசு ஏற ஏற அதுவும் ஏறும், நம்ம மூக்கு பிடிக்கிறது அதைத்தான். கொழுப்புல கரைஞ்சு கிடக்கிறதால பத்து தண்ணி விட்டுக் கழுவினாலும் போகாது, மஞ்சள் போட்டு ஊற வச்சாலும் கொஞ்சம் மட்டுப்படும் அவ்வளவுதான். கடையிலயே வெளிக்கொழுப்பைச் சுத்தமா எடுக்கச் சொல்லிடணும், சதைக்கு நடுவுல இருக்கிற மெல்லிசுக் கொழுப்பு இருக்கட்டும், அது இல்லாம குழம்பு ருசிக்காது. அப்புறம் வயசு கம்மியான ஆடா பாத்து வாங்கணும்.

வயசை எப்படிக் கண்டுபிடிக்கிறது? லாம்ப்னு சொல்றது ஏறக்குறைய ஒரு வருஷத்துக்கு உட்பட்ட குட்டி, மட்டன்னா வளந்த ஆடு, ஆஸ்திரேலியாக்காரன் பல்லைப் பாத்து பிரிக்கிறான். நம்மகிட்ட வரும்போது தலை இருக்காது, அதனால எலும்பைப் பாருங்க. வெட்டுன இடத்துல எலும்பு செவசெவன்னு, ஓட்டை ஓட்டையா, ஈரமா தெரிஞ்சா இளசு. வெள்ளை வெளேர்னு கெட்டியா இருந்தா வயசான ஆடு. தொடையோட தடிமனையும் பாருங்க, பெருசா உருண்டு இருந்தா ஆள் பெரியவர்தான். வயசான ஆடு மோசம்னு சொல்ல வரல, சூப்புக்கும் நிறைய நேரம் வேகுற குழம்புக்கும் அதுல கிடைக்கிற அடர்த்தி குட்டியில வராது. ஆனா வாடை புடிக்காத வீட்டுக்கு முதல் தடவை சமைக்கும்போது இளசா வாங்குங்க, பழகுனப்புறம் மத்ததைப் பாத்துக்கலாம்.

வெள்ளாடுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னா, உறைய வச்ச கறியாத்தான் பெரும்பாலும் கிடைக்கும், லேபிள்ல மட்டன்னு மட்டும் போட்டிருந்தா நம்பாதீங்க, கோட்னு போட்டிருக்கான்னு பாருங்க. இதுவும் ஆஸ்திரேலியாதான், உலகத்துலயே வெள்ளாட்டுக்கறி அதிகமா ஏத்துமதி பண்ற நாடு அது. சின்னத் துண்டா ரம்பத்துல அறுத்து பாக்கெட் போட்டிருப்பாங்க, உறைஞ்ச கறியை ரம்பத்துல அறுக்கிறதால எலும்புத்தூள் கறி மேலெல்லாம் மாவு மாதிரி ஒட்டியிருக்கும், அதை நல்லா அலசலன்னா குழம்பு நறநறங்கும். கொழுப்பு கம்மி, வேக நேரம் புடிக்கும், ஆனா நம்ம ஊரு ருசிக்குக் கிட்டத்துல வர்றது இதுதான்.

சூப்பர்மார்க்கெட் பாக்கெட்டையும் ஒரேடியா ஒதுக்கிடாதீங்க. காத்து உறிஞ்சி ஒட்டுன பாக்கெட்ல கறி கருஞ்சிவப்பா, கிட்டத்தட்ட ஊதா கலர்ல இருக்கும், பாத்ததும் பழசுன்னு தோணும். காத்து படாததாலதான் அந்தக் கலர், பிரிச்சு கொஞ்ச நேரம் வச்சா தானா செவப்பு ஏறிடும், பிரிச்ச உடனே வர்ற புளிச்ச மாதிரி மணமும் அடங்கிடும். அடங்காம கையில பிசுபிசுன்னு ஒட்டினாத்தான் பிரச்சினை. தட்டுல வச்சு ப்ளாஸ்டிக் சுத்துன கறியில அடியில செந்தண்ணி குளம் கட்டி நின்னா, அது உறைஞ்சு உருகுன கறியா இருக்க வாய்ப்பு அதிகம், அதை வீட்டுக்குக் கொண்டுபோய் திரும்ப ஃப்ரீசர்ல போட்டீங்கன்னா சதை நார் நாராப் போயிடும்.

சரி, தேக்கா. உங்களுக்கு ரொம்ப வசதி, செங்காங்லேர்ந்து எம்ஆர்டி ரயில் ஊதா லைன்ல மாறாம லிட்டில் இந்தியா வந்து இறங்கலாம், ஸ்டேஷனை விட்டு வெளிய வந்தா பக்கத்துலயே சென்டர். பழைய மார்க்கெட் 1915ல ரோட்டுக்கு அந்தப் பக்கம் கட்டுனது, கண்டாங் கெர்பாவ் மார்க்கெட்னு பேரு, 1982ல இப்ப இருக்கிற இடத்துக்கு மாறுச்சு. அப்ப சூச்சியாவ் சென்டர்னு சீனத்துல பேரு வச்சாங்க, ஜனங்க யாரும் அப்படிக் கூப்பிடல, 2000ல அரசாங்கமே தேக்கா சென்டர்னு மாத்திட்டாங்க. கீழ்த்தளத்துல ஒரு பக்கம் சாப்பாட்டுக்கடைங்க, இன்னொரு பக்கம் கறி, மீன், காய் விக்கிற ஈர மார்க்கெட், மேல துணிக்கடையும் தையக்கடையும். கறிக்கடை, மீன் கடை, காய்கறி தனித்தனி வரிசை. சீனர்களோட பன்றிக்கறிக் கடைங்க தனிப் பகுதியில இருக்கும், ஆட்டுக்கறிக்கடைங்க பெரும்பாலும் நம்ம தமிழ் முஸ்லிம்கள் நடத்துற ஹலால் கடைங்க, அதனால மொழிப் பிரச்சினை உங்களுக்கு இல்லவே இல்ல.

மாட்டுக்கறி சாப்பிடாத வீடுன்னா ஒண்ணு கவனிங்க. சில கடையில ஆடும் மாடும் ரெண்டும் விப்பாங்க, ஒரே கட்டை ஒரே கத்தியா இருக்கலாம். ஆடு மட்டும் விக்கிற கடைங்களும் இருக்கு. கூச்சப்படாம "அண்ணே, இங்க ஆடு மட்டும்தானா?"ன்னு கேளுங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க, தினம் நாலு பேராவது கேக்குற கேள்விதான் அது. அதே மாதிரி ஹலால் பாக்குறவங்க முயிஸ், அதாவது இங்க இருக்கிற இஸ்லாமிய சமய மன்றம், குடுக்குற சான்றிதழ் மாட்டியிருக்கான்னு பாத்துக்கலாம்.

எப்பப் போறது? திங்கக்கிழமை போகாதீங்க, நிறைய கடை மூடியிருக்கும், முக்கியமா மீன். மத்த நாள்ல காலையில ஏழுலேர்ந்து ஒம்பதுக்குள்ள போனா நல்ல பாகமெல்லாம் இருக்கும், மத்தியானம் ஒரு மணி தாண்டிட்டா கழுவித் தள்ள ஆரம்பிச்சிடுவாங்க. சனி ஞாயிறு காலையில கூட்டம் அள்ளும், அந்தக் கூட்டத்துல வெட்டுறவர்கிட்ட பேசவே முடியாது, "எவ்வளவு கிலோ, எவ்வளவு கிலோ"ன்னு கை நீட்டுவாரு. முதல் தடவை போறவங்க வார நாள்ல ஒரு நாள் லீவு கிடைச்சாப் போங்க, செவ்வாய் புதன்ல ஆளுங்க நிதானமா நிப்பாங்க, அன்னிக்கு முகம் பழகிட்டா அப்புறம் ஞாயித்துக்கிழமை கூட்டத்துலயும் உங்களைத் தெரியும். ஞாயிறு சாயங்காலம் மளிகை வாங்கலாம்னு சிராங்கூன் ரோட்டுக்குப் போயிடாதீங்க, வேலைக்கு வந்திருக்கிற நம்ம பசங்க மொத்தப் பேரும் அன்னிக்குத்தான் வெளிய வருவாங்க, கைவண்டி தள்ளிக்கிட்டு நடக்கவே முடியாது.

இப்ப பேச்சு. எல்லாரும் பண்றது, போய் நின்னு "ஒரு கிலோ மட்டன்"ம்பாங்க. அவரு கையில எந்தத் துண்டு முதல்ல வருதோ அதை வெட்டுவாரு, தொடையில கொஞ்சம், கழுத்துல கொஞ்சம், விலாவுல கொஞ்சம், வீட்டுக்கு வந்து குக்கர்ல வச்சா பாதி குழைஞ்சு போயிருக்கும் பாதி ரப்பரா இருக்கும். அது அவரு ஏமாத்துனது இல்ல, நீங்க எதுவும் சொல்லல. இப்படிச் சொல்லிப் பாருங்க:

"அண்ணே, குழம்புக்கு, ஆறு பேருக்கு. சப்பையும் நெஞ்சும் கலந்து போடுங்க, மேக்கொழுப்பு எடுத்துருங்க, துண்டு கொஞ்சம் பெருசாவே இருக்கட்டும்."

"எலும்பு எவ்வளவும்மா?"

"மூணுல ஒரு பங்கு போதும்ணே. நல்லி ஒண்ணு போடுங்க, பிள்ளைக்கு."

அவ்வளவுதான், இதைக் கேட்டதும் அவரு உங்களை ஒரு தடவை நிமிந்து பாப்பாரு, அப்புறம் கொக்கியில தொங்குறதை விட்டுட்டு உள்ள இருக்கிற முன்னங்காலை எடுப்பாரு. வயசுல பெரியவரா இருந்தா பாய்னோ மாமான்னோ கூப்பிடுங்க, அங்கிள்னாலும் சரிதான், இங்க அங்கிள் ஆன்ட்டி எல்லாத்துக்கும் பொது.

எந்தச் சமையலுக்கு எதுங்கிறதை நான் பழகுன மாதிரி சொல்றேன். குழம்புக்கு முன்னங்கால் சப்பைதான் ராஜா, அதுல நடுநடுவுல சவ்வும் கொஞ்சம் கொழுப்பும் ஓடும், ஆடு நடந்து நடந்து உழைச்ச சதை, மெதுவா வெந்தா அந்தச் சவ்வு கரைஞ்சு குழம்புக்கு ஒரு வழவழப்பு குடுக்கும். தொடை பாக்க அழகா சதைப்பத்தா இருக்கும், விலையும் கூட இருக்கும், ஆனா குழம்புல ரொம்ப நேரம் விட்டா வறண்டுடும். தொடையை சுக்காவுக்கும் கொத்துக்கறிக்கும் வாங்குங்க. கோலா உருண்டைக்கு அரைச்சு வச்ச கறியை வாங்காதீங்க, தொடையைக் காட்டி கொழுப்பு எடுத்து உங்க கண்ணு முன்னாடி அரைக்கச் சொல்லுங்க, அரைச்சு ரெடியா வச்சிருக்கிறதுல வெட்டி எடுத்த கொழுப்பும் சேந்து போயிருக்கும், அப்புறம் வாடை வாடைன்னு திரும்ப ஆரம்பிப்பீங்க. பிரியாணிக்கு சப்பையும் விலா சாப்ஸும் பாதிப்பாதி, துண்டு உள்ளங்கையில பாதி அளவுக்கு இருக்கணும், சின்னதா வெட்டினா தம்முல உதிந்துபோய் அரிசியோட கலந்துடும். கழுத்துக்கறியை இங்க நிறைய பேரு சீண்ட மாட்டாங்க, எனக்கு அதுதான் ரொம்ப புடிக்கும், விலையும் கம்மி, குக்கர்ல விட்டு எடுத்து மிளகுல வறுத்தா வேற எதுவும் வேணாம். சூப்புக்கு நெஞ்செலும்பும் நல்லியும்.

வெட்டும்போது கிட்ட நின்னு பாருங்க. நல்லா கை பழகுனவர் மூட்டைத் தேடி கத்தி முனையால தொட்டுப் பாப்பாரு, மூட்டு எங்க இருக்குன்னு தெரிஞ்சதும் ஒரே அழுத்து, கால் தனியா வந்துடும், எலும்பு உடைஞ்சிருக்காது. அவசரத்துல வெட்டுற ஆளு மூட்டைத் தேட மாட்டாரு, நடு எலும்புல ரெண்டு மூணு போடு போடுவாரு, எலும்பு செதில் செதிலாத் தெறிச்சு சதைக்குள்ள போயிடும். சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்கு அது ஆபத்து. மூட்டைத் தேடுற கையா பாத்து வச்சுக்கோங்க, அவரு எந்தக் கடையில நிக்கிறாரோ அதுதான் உங்க கடை.

எடை விஷயம். தராசுல அக்யூரஸின்னு போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கணும், வியாபாரத்துக்கு வைக்கிற தராசுக்கு அது கட்டாயம், கடைக்காரர் தராசைச் சோதிக்கக் குடுத்து அந்த முத்திரையை வாங்கி வைக்கணும். எனக்குத் தெரிஞ்சு தராசுல தில்லுமுல்லு இங்க ரொம்ப அபூர்வம், சண்டை வர்றது வேற இடத்துல. கொழுப்போட நிறுத்து விலை போட்டுட்டு அப்புறம் கொழுப்பை வெட்டி எடுத்தா, நீங்க காசு குடுத்த கொழுப்பு அவரு வாளிக்குப் போகுது. எடுத்துட்டு நிறுத்தா கிலோவுக்கு கொஞ்சம் கூடச் சொல்வாங்க. ரெண்டும் ஞாயம்தான், எதுன்னு முன்னாடியே கேட்டுக்கோங்க, அப்புறம் நின்னு மொறைக்க வேணாம். ஒரு கடையில, பேரு வேணாம், முழு முன்னங்காலை நிறுத்து காசு வாங்கிட்டு பையில போட்டப்ப நல்லி எலும்பைக் காணோம், கேட்டா "அது சூப்புக்கு வேற ஆளு சொல்லி வச்சிருக்காரு"ன்னாங்க. நான் காசு குடுத்த எலும்புல இன்னொருத்தருக்கு சூப்பு! வெட்டுறதுலேர்ந்து பையில விழுற வரைக்கும் கண்ணை ஃபோன்ல வைக்காதீங்க. பழைய ஆளுங்க இன்னும் காத்தி கணக்குல பேசுவாங்க, ஒரு காத்தின்னா சுமாரா அறுநூறு கிராம், ஒரு கிலோன்னு நினைச்சு தலையாட்டிடாதீங்க.

ஈரல், மூளை, குடல், கால், தலை எல்லாம் கிடைக்கும், ஆனா எல்லா நாளும் எல்லாக் கடையிலயும் இருக்காது, முந்துன நாளே சொல்லி வைக்கிறது நல்லது. ரத்தம் மட்டும் கேக்காதீங்க. ரத்தப் பொரியல் இல்லாம தீபாவளியான்னு நம்ம மதுரைப் பக்கத்து ஆளுங்க அங்கலாய்ப்பாங்க, ஆனா இங்க விலங்கு ரத்தத்தை சாப்பாடா விக்க அனுமதி கிடையாது, கடைக்காரர் ஒளிச்சு வச்சிருக்காருன்னு நினைச்சு கெஞ்சிப் பிரயோஜனம் இல்ல.

கோழிக்கு தேக்கா வரைக்கும் போக வேணாம். மார்க்கெட்ல விக்கிற பச்சைக்கோழி, மலேசியாவுலேர்ந்து உயிரோட லாரியில வந்து இங்க அறுப்புக்கூடத்துல அறுத்தது, மார்க்கெட்ல வச்சு அறுக்கிறதெல்லாம் எப்பவோ போயிடுச்சு. 2022 ஜூன் 1ஆம் தேதி மலேசியா கோழி ஏத்துமதியை நிறுத்துனப்ப ஊரே அல்லாடுச்சு, நம்ம கோழியில மூணுல ஒரு பங்கு அங்கேர்ந்துதான் வந்துக்கிட்டிருந்துச்சு, நிறைய கோழிக்கடை ஷட்டரை இறக்கிட்டு உக்காந்துட்டாங்க, சிக்கன் ரைஸ் கடைக்காரங்க உறைஞ்ச கோழியை வச்சு ஓட்டுனாங்க. அந்த மாசக் கடைசியிலதான் இந்தோனேசியாவுலேர்ந்து குளிரூட்டுன கோழி, உறைய வச்ச கோழிக்கெல்லாம் அனுமதி குடுத்தாங்க. அக்டோபர்ல மலேசியா தடையை எடுத்துட்டாங்க, ஆனா அதுக்கப்புறம் குளிரூட்டுன கோழியையும் ஜனங்க பழகிட்டாங்க. குழம்புக்கு வித்தியாசம் பெருசா தெரியாது, ரசம் சூப்பு வைக்கிறதுக்கு பச்சைக்கோழிதான். நாட்டுக்கோழி ஆசை வந்தா காம்போங் கோழின்னு கேளுங்க. நம்ம ஊரு நாட்டுக்கோழி அளவுக்கு கெட்டி இல்ல, இருந்தாலும் ப்ராய்லரை விட எவ்வளவோ தேவலாம். வாங்கும்போது தோலை எடுத்து, கறித்துண்டா வெட்டித் தாங்கன்னு சொல்லிடுங்க, இல்லன்னா முழுக்கோழியை நாலாப் பிளந்து கையில குடுத்துடுவாங்க.

தேக்கா தூரம்னா, கிழக்குப் பக்கம் இருக்கிறவங்க கேலாங் சிராய் மார்க்கெட்டுக்குப் போகலாம், அங்க மலாய்க்காரங்க அதிகம், ஆடு மாடு ரெண்டும் நல்லா கிடைக்கும், நோன்பு மாசத்துல மட்டும் உள்ள நுழையவே யோசிக்கணும். மத்தபடி உங்க பேட்டையிலயே ஈர மார்க்கெட் இருந்தா ஒரு ஹலால் கடையாவது இருக்கான்னு ஒரு சுத்து சுத்திப் பாருங்க, இருந்தா அவருக்கு வாடிக்கை கம்மி, உங்களை நல்லா கவனிப்பாரு. சொல்லி வச்சா உங்களுக்குன்னு தனியா வரவழைச்சும் குடுப்பாரு.

கறியை வாங்கிட்டு அங்கேயே தோசை காப்பி, துணிக்கடை, கோயில்னு சுத்தாதீங்க. இந்த ஊரு வெக்கையில ரெண்டு மணி நேரமே அதிகம். கறியைக் கடைசியா வாங்குங்க, மளிகையெல்லாம் முடிச்சிட்டு, குளுகுளு பை ஒண்ணு கொண்டு போங்க, உள்ள உறைஞ்ச தண்ணி பாட்டில் போதும். பையில கசிவு இல்லாம பாத்துக்கோங்க, எம்ஆர்டில டுரியானுக்குத்தான் தடை, ஆட்டுக்கறிக்கு இல்ல, ஆனா பக்கத்துல உக்காந்திருக்கிறவங்க மூக்கையும் நினைக்கணும். வீட்டுக்கு வந்ததும் ஒரு வேளைக்கு எவ்வளவோ அவ்வளவு அவ்வளவா பிரிச்சு தட்டையா பையில போட்டு உறைய வச்சிடுங்க, உருண்டையா போட்டா நடுவுல உறைய நேரமாகும், உருகவும் நேரமாகும். உருக வைக்கிறது முந்துன நாள் ராத்திரி ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுல, கிச்சன் மேடையில இல்ல.

இனி மளிகை. எல்லாத்தையும் தேக்காவுல வாங்கணும்னு அவசியமே இல்ல, ஆனா சிலது அங்கதான். பஃபலோ ரோட்ல வரிசையா இருக்கிற காய்க்கடையில முருங்கைக்காய், கொத்தவரங்காய், அவரை, வாழைப்பூ, வாழைத்தண்டு, சின்ன வெங்காயம் எல்லாம் நம்ம ஊரு மாதிரியே கிடைக்கும், வாழையிலை வெத்தலையும் அங்கேயே. இந்தியாவுலேர்ந்து வர்ற காய்க்கு விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும், வெண்டை, கத்தரி, புடலை, முட்டைக்கோஸ் மாதிரி மலேசியாவுலேர்ந்தும் வர்றதை ப்ளாக் கீழ வாங்கிக்கலாம். மார்க்கெட்டுக்குள்ள தேங்காய் துருவித் தர்ற கடை இருக்கு, அங்கேயே பிழிஞ்ச பாலும் கிடைக்கும், குருமா வைக்கிற அன்னிக்கு பாக்கெட் தேங்காப்பாலை விட நூறு மடங்கு மேல். பக்கத்துலயே அரைச்ச மசாலா விக்கிற கடையும் இருக்கு, ரெம்பான்னு சொல்வாங்க, "ஆட்டுக்கறி, ஒரு கிலோவுக்கு, காரம் மட்டா"ன்னு சொன்னா வெங்காயம், இஞ்சி, பூண்டு, மிளகாய், மல்லி, சோம்பு விழுதெல்லாம் கரண்டி கரண்டியா எடுத்து கலந்து பையில கட்டிக் குடுத்துடுவாங்க. இங்க பொறந்து வளந்த நம்ம ஆளுங்க வீட்டுக் குழம்பு ருசி அதுலதான் இருக்கு. உங்க திருச்சி ருசி அதுல வராது, ஒரு தடவை செஞ்சு பாருங்க, வேலைக்குப் போற நாள்ல கைகுடுக்கும். பொடின்னா ஆச்சி, சக்தியும் கிடைக்குது, மலேசியா பாபாஸும் எங்கயும் கிடைக்குது. பாபாஸ் கறிப்பொடி நம்ம ஊரு மசாலாவை விட சோம்பு தூக்கலா இருக்கும், அளவைக் கொஞ்சம் குறைச்சுப் போடுங்க.

அரிசி பருப்பு ப்ளாக் கீழ இருக்கிற மினிமார்ட்லயே வாங்குங்க, அஞ்சு கிலோ மூட்டையை தேக்காவுலேர்ந்து சுமந்துட்டு வர்றதுல என்ன மிச்சம் ஆகப்போகுது. பொன்னி விலை நிலையா இருக்கும்னு மட்டும் எதிர்பார்க்காதீங்க. 2023 ஜூலையில இந்தியா பாசுமதி இல்லாத வெள்ளை அரிசி ஏத்துமதியை நிறுத்துனாங்க, ஆகஸ்ட்ல புழுங்கலரிசிக்கு 20 சதவீதம் வரி போட்டாங்க, சிங்கப்பூர் அதுக்கு முந்துன வருஷம் வாங்குன அரிசியில 40 சதவீதம் இந்திய அரிசி, அதனால கடையில ஆளுக்கு இத்தனை மூட்டைதான்னு கட்டுப்பாடு வச்ச இடமெல்லாம் உண்டு. அந்த வருஷக் கடைசியில வெங்காயத்துக்கும் தடை வந்துச்சு, சின்ன வெங்காயம் வாங்கப் போனவங்க விலையைக் கேட்டுட்டு பெரிய வெங்காயத்தோட திரும்புனாங்க. அந்த மாதிரி நேரத்துல பதறி மூட்டை மூட்டையா வாங்கி அடுக்காதீங்க, இந்த ஈரக்காத்துல ஒரு மாசத்துல வண்டு வந்துடும். அரிசி இறக்குமதி பண்றவங்க ரெண்டு மாசத்துக்கான இருப்பு எப்பவும் வச்சிருக்கணும்னு இங்க சட்டமே இருக்கு, ஊரு பட்டினி கிடக்காது. ரவை, மைதா, பருப்பெல்லாம் வாங்குனதும் நாலு நாள் ஃப்ரீசர்ல வச்சு எடுத்துட்டு டப்பாவுல போடுங்க, பூச்சி முட்டை இருந்தாலும் செத்துடும்.

சின்னக் கடையில விலை கூடன்னு ஒரு பேச்சு இருக்கு. பொருளுக்குப் பொருள் மாறும். வருஷத்துக்கு பத்து லட்சம் வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்கு, கீழ வியாபாரம் பண்ற கடைக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் இல்ல, அதனால நிறைய சின்னக் கடையில பில்லு மேல அந்த 9 சதவீதம் தனியா ஏறாது. 2023 ஜூலையிலேர்ந்து பெரிய சூப்பர்மார்க்கெட்ல ப்ளாஸ்டிக் பைக்கு குறைஞ்சது அஞ்சு காசு வாங்கணும்னு ஆயிடுச்சு, மார்க்கெட் கடையில இன்னும் சும்மாவே குடுக்குறாங்க, அதுக்காக நாலு பை கேக்காதீங்க. சில கடையில காய் நிறைய வாங்குனா கறிவேப்பிலை ஒரு கொத்து சும்மா வரும், அது உங்க வாயைப் பொறுத்தது. ஃபோன்ல காசு அனுப்புற பேநவ் எல்லாரும் வச்சிருக்காங்க, இருந்தாலும் கையில சில்லறை இருக்கட்டும். வரிசையில முன்னாடி நிக்கிற ஆன்ட்டி ஃபோன்ல ஏதோ கட்டம் காட்டி காசு குடுக்காமப் போறாங்களேன்னு பாக்காதீங்க, அது அரசாங்கம் குடுக்குற சிடிசி வவுச்சர், 2025 மேயில குடும்பத்துக்கு 500 வெள்ளி குடுத்தாங்க, பாதி சூப்பர்மார்க்கெட்டுக்கு பாதி பேட்டைக் கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும், சிங்கப்பூரர் இருக்கிற வீட்டுக்கு மட்டும்.

லிட்டில் இந்தியாவுல இருக்கிற முஸ்தஃபாங்கிற பெரிய கடை பத்தி நீங்க கேக்கல, ஆனா யாராவது இழுத்துட்டுப் போவாங்க. ரெண்டாவது மாடி மளிகையில கிடைக்காத பொடியே கிடையாது, அதான் அங்க பிரச்சினையும், மிளகு வாங்கப் போனவங்க பெட்டியோட வெளிய வருவாங்க. அரிய சாமான் தேவைப்பட்டா, இல்ல ராத்திரி லேட்டா போகணும்னா போங்க. முன்னாடி மாதிரி 24 மணி நேரம் இல்ல இப்ப, கோவிட்டுக்கு அப்புறம் நடுராத்திரி தாண்டி மூடிடுறாங்க.

கடைசியா, தீபாவளி. தீபாவளிக்கு முந்துன நாள் தேக்காவுல கறி வாங்கலாம்னு சும்மா போய் நிக்காதீங்க, புரட்டாசி முழுக்க கறி தொடாதவங்க மொத்தப் பேரும் அன்னிக்குத்தான் வருவாங்க, வரிசை மீன் கடை வரைக்கும் நீளும், கைக்கு வர்றதை வாங்கிட்டுத்தான் வரணும். ரெண்டு வாரம் முன்னாடியே உங்க ஆளுகிட்ட போயி எந்த பாகம், எத்தனை கிலோ, எத்தனை மணிக்கு வருவீங்கன்னு சொல்லி, பேரும் ஃபோன் நம்பரும் எழுதிக் குடுத்துடுங்க, முன்பணம் கேட்டா குடுத்து ரசீதை வாங்கி பர்ஸ்ல வச்சுக்கோங்க.